பச்சைத் தண்ணிக்கு ரெண்டு லட்சம்

கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது, எங்கேயாவது கூட்டிப் போங்கள் என்று வீட்டில் கேட்டபோது நான் மூணாறு என்றேன். அவள் பதில் சொல்லாமல் போனைத் திருப்பிக் காட்டினாள். கடலுக்குள் வரிசையாகக் கால் ஊன்றி நிற்கிற ஓலைக்கூரை வீடுகள், ஒவ்வொன்றின் வாசலிலிருந்தும் தண்ணீருக்குள் இறங்கும் ஒரு மரப்படி, சுற்றிலும் நம்ப முடியாத ஒரு பச்சை. "இந்தத் தண்ணிதாங்க வேணும்" என்றாள். நான் தூத்துக்குடிக்காரன். கடலைப் பார்க்கக் காசு கொடுப்பதே எங்கள் வீட்டில் பெரிய பாவம். இருந்தாலும் போன நவம்பரில் மாலத்தீவு போய்விட்டு வந்தோம். வந்ததிலிருந்து அலுவலகத்தில் நாலு பேர், சொந்தத்தில் ரெண்டு பேர் "எவ்வளவு ஆச்சு, எந்த வில்லா, போகலாமா" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் காசு. வில்லா ஓர் இரவுக்கு 520 டாலர் என்று போட்டிருந்தது, பக்கத்தில் பொடி எழுத்தில் பிளஸ் பிளஸ். அந்த ரெண்டு பிளஸ்ஸையும் யாரும் சட்டை செய்வதில்லை, நானும் செய்யவில்லை. முதல் பிளஸ் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். ரெண்டாவது பிளஸ் சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம், அதுவும் சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகைக்கு. ஆக 520 என்பது 669 ஆகிவிடும். அதற்கு மேல் கிரீன் டாக்ஸ், ரிசார்ட் என்றால் தலைக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். மொத்தம் 693. ரெண்டு இரவுக்கு 1,386. அப்புறம் அந்தத் தீவுக்குப் போக நடந்தா போக முடியும்? கடல் விமானம் போக வர தலைக்கு 420, ரெண்டு பேருக்கு 840. அதாவது ஓர் இரவு வீட்டு வாடகையை விட வீட்டுக்குப் போகிற ஆட்டோ காசு அதிகம். எல்லாம் கூட்டிப் பார்த்தால் நம்மூர்க் காசில் ரெண்டு லட்சத்துக்குச் சில ஆயிரம்தான் குறைவு, தலைநகர் மாலே போய்ச் சேர்ந்த விமான டிக்கெட் தனி.

கடல் விமானத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது, இதை முன்பே தெரிந்துகொள்ளாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். நீங்கள் சாயந்தரம் மாலேயில் இறங்கினால் அன்றைக்கு அது கிடையாது, ராத்திரி தங்க வேறு இடம் பார்க்க வேண்டும். எங்கள் விமானம் இறங்கியதும் அந்த நேரம்தான். அதனால் முதல் ரெண்டு நாளை மாஃபுஷியில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில் போட்டோம். சும்மா சமாளிப்புக்காகப் போட்ட ரெண்டு நாள். அவளைக் கேட்டால் அந்த ரெண்டு நாள்தான் நன்றாக இருந்தது என்பாள்.

மாஃபுஷி உள்ளூர் ஆட்கள் வசிக்கிற தீவு, மாலேயிலிருந்து ஸ்பீட்போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள். பள்ளிக்கூடம் இருக்கிறது, மசூதி இருக்கிறது, நாட்டின் முக்கியமான சிறைச்சாலையும் அங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் இஷ்டப்படி உடுத்திக் குளிக்கக் கரையில் ஒரு பகுதியைத் தட்டி கட்டி மறைத்து 'பிகினி பீச்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தீவில் மது கிடையாது. விமான நிலையத்தில் எங்கள் வரிசையில் நின்ற ஒருவர் டியூட்டி ஃப்ரீ பையோடு வந்து, பாட்டிலைக் கொடுத்துவிட்டு ரசீதோடு சோகமாகப் போனார். திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாமாம்.

காலைப் பலகாரம் மஸ் ஹுனி. மீனையும் தேங்காய்த் துருவலையும் வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை போட்டுக் கையால் பிசைந்து, ரோஷி என்கிற சப்பாத்தியோடு தருகிறார்கள். ஒரு வாய் வைத்ததும் எனக்கு ஆச்சி வீடு ஞாபகம் வந்துவிட்டது. அவர்கள் பேசுகிற திவேஹி மொழியில் மஸ் என்றால் மீன். சூரையை அவித்து, புகையில் காட்டி, கட்டைபோல ஆகிற வரை காயவைத்தால் அதுதான் நாம் மாசி என்று சொல்கிற மாசிக் கருவாடு. நூற்றாண்டுகளாக அங்கேயிருந்து இங்கே வருகிற சரக்கு. பதிலுக்கு இன்றைக்கும் தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து தோணியில் வெங்காயமும் காய்கறியும் கட்டுமானச் சாமானும் அங்கே போகின்றன. அவர்கள் படகுக்குப் பெயர் தோணி, நமக்கும் தோணி. இந்த உறவையெல்லாம் பேசிக் கெஸ்ட் ஹவுஸ்காரரிடம் பத்து டாலராவது குறைக்கலாம் என்று பார்த்தேன், நடக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கடல் விமானம். பதினைந்து பேர் உட்காரும் ட்வின் ஆட்டர். பைலட் வெள்ளைச் சட்டை, அரைக்கால் டவுசர், வெறுங்கால். ஏறும்போதே காதுக்கு அடைப்பான் கொடுத்துவிடுகிறார்கள், அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் வாயசைவதுதான் தெரியும். ஆனால் கீழே பார்க்கிற காட்சி இருக்கிறதே, அந்த 840 டாலரில் ஒரு பாதியையாவது அதற்காக மன்னிக்கலாம். ஆப்பச்சட்டியில் மாவைச் சுழற்றி ஊற்றினால் ஓரம் வளையமாக ஒட்டிக்கொண்டு நடுவில் மாவு தேங்குமே, அப்படி ஒவ்வொரு பவளத்தீவு வளையமும். உலகம் முழுக்க இதற்குச் சொல்கிற 'அட்டோல்' என்ற சொல்லே திவேஹி மொழியின் 'அதொளு' கொடுத்த கடன். எரிமலை மெதுவாகக் கடலுக்குள் அமிழ அமிழ, அதன் விளிம்பைச் சுற்றி ஒட்டியிருந்த பவளம் மட்டும் வெளிச்சத்தைத் தேடி மேலே வளர்ந்துகொண்டே வந்தால் கடைசியில் வளையம்தான் மிஞ்சும் என்று 1842-லேயே டார்வின் எழுதிவிட்டார். மாலத்தீவில் அப்படி 26 வளையம், அவற்றில் 1,200-க்குச் சற்றே குறைவான தீவுகள், சராசரியாகக் கடல்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம். என் தலை அதற்கு மேலே இருக்கும்.

வில்லாவைப் பற்றிக் குறை சொல்ல மனசு வரவில்லை. மரப்பாலத்தில் பேட்டரி வண்டியில் கூட்டிப் போனார்கள். உள்ளே நுழைந்ததும் நடுக்கூடத்தில் தரையில் ஒரு கண்ணாடி, அதற்குக் கீழே கடல். குளியல் தொட்டியில் கிடந்தால் அடிவானம். வாசலில் வலைபோல ஒரு தொட்டில் தண்ணீருக்கு மேல் கட்டியிருந்தது, அதில் படுத்துக்கொண்டு அவள் முதல் அரைமணி நேரம் பேசவே இல்லை. பத்து வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

இந்த மாதிரித் தண்ணீர் வீடு முதலில் வந்தது மாலத்தீவில் இல்லை. 1967-இல் பிரெஞ்சு பாலினேசியாவின் ராயாத்தேயா தீவில் மூன்று அமெரிக்கர்கள் ஹோட்டல் நடத்தினார்கள். அங்கே சொல்லிக்கொள்கிற மாதிரிக் கடற்கரை இல்லை, பாறைத்திட்டுதான் இருந்தது. சரி, கரைதானே இல்லை, தண்ணீர் இருக்கிறதே என்று மீனவர் குடிசை பாணியில் தண்ணீருக்கு மேலேயே அறையைக் கட்டிவிட்டார்கள். கரை இல்லாத குறைக்காகப் பிறந்த வீட்டை, எங்கே பார்த்தாலும் வெள்ளைக் கரையாக இருக்கிற மாலத்தீவில் கொண்டுவந்து, கரையில் இருக்கிற அறையை விடக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். மாலத்தீவில் ரிசார்ட் என்ற ஒன்றே 1972-இல்தான் வந்தது, மாலேக்குப் பக்கத்திலுள்ள குரும்பா. திவேஹியில் குரும்பா என்றால் இளநீர். நம்ம குரும்பைதான். எங்கள் ரிசார்ட்டில் ஒரு குரும்பா 9 டாலர். ஒன்றை வாங்கி ரெண்டு ஸ்ட்ரா போட்டுக்கொண்டோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கே மத்தியானம் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு அந்தப் போட்டோவில் பார்த்த மரப்படியில் இறங்கினோம். தண்ணீர் முட்டிக்கு வந்தது. கடல் வற்றம். கடைசிப் படி தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்றது. சரி என்று குப்புறப் படுத்து மிதந்து போனோம். மணல். இன்னும் கொஞ்சம் போனோம். மணல். அரைமணி நேரத்தில் நாங்கள் கண்டது: ஒரு கடற்பஞ்சு, வாலை ஆட்டிக்கொண்டு போன ஒரு திருக்கை, வில்லாவின் கான்கிரீட் கால் ஒன்றைச் சுற்றி வாழ்கிற பத்துப் பொடி மீன், என் முழங்கை நீளத்துக்கு ஒரு குட்டிச் சுறா. பெரிய சுறாக்கள் வராத ஆழம் என்பதால் கருந்துடுப்புச் சுறாக்களின் குட்டிகள் இங்கேதான் வளர்கின்றன, அதைப் பார்த்தது சந்தோஷம்தான். ஆனால் பவளம்? ஒரு விரல்கூட இல்லை. ரிசார்ட் இணையதளத்தில் இந்த அறைக்கு 'பவளக் கடல் உங்கள் வாசலில்' என்று எழுதியிருந்தது. வாசலில் இருந்தது மெரினா.

அறை சுத்தம் செய்ய வந்த பையன் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் பக்கத்துக்காரன். நாங்கள் தமிழில் புலம்புவதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பால்கனிக்குக் கூட்டிப் போய்க் கையை நீட்டிக் காட்டினான். "அண்ணே, வெள்ளையா, பச்சையாத் தெரியுற எடமெல்லாம் மணலுண்ணே. அந்தா தூரத்துல கறுப்பாக் கோடு போட்ட மாதிரித் தெரியுதுல்ல, அதான் பார். மீனு அங்கதான் நிக்கும். அக்காவக் கூட்டிட்டு அந்தப் பக்கத்துப் படகு ஜெட்டிக்குப் போங்க." பார் என்கிற சொல்லைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. எங்கள் ஊர்ப் பக்கம் கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் திட்டை அப்படித்தான் சொல்வார்கள்.

யோசித்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் புரிகிற கணக்குதான். தண்ணீருக்குள் போகிற வெளிச்சத்தில் சிவப்பை முதலில் தண்ணீரே விழுங்கிவிடும், நீலமும் பச்சையும் மிஞ்சும். கீழே ஆள் உயர ஆழத்தில் வெறும் வெள்ளை மணல் இருந்தால் அந்த மிச்சம் அப்படியே திரும்பி மேலே வரும், போட்டோவில் மின்னுகிற பச்சை அதுதான். பவளம் உயிரோடு இருக்கிற இடம் மேலே இருந்து பார்த்தால் பழுப்பாக, அழுக்காக, டீத்தூள் கொட்டிய மாதிரி இருக்கும். ஏனென்றால் பவளப்பூச்சிக்குள் குடியிருந்து அதற்குச் சாப்பாடு போடுகிற நுண்பாசியின் நிறம் பழுப்பு. ஆக நாம் எந்தத் தண்ணீரைப் பார்த்து மயங்கிக் கூடுதலாகக் காசு கட்டுகிறோமோ, அது பெரிதாக ஒன்றும் குடியில்லாத தண்ணீர். வீட்டுக்குக் கால் ஊன்றவும் அந்த ஆழமற்ற மணல்தான் தோது, அதனால் வில்லாவும் அங்கேயேதான் நிற்கும். நம்மூரில் பச்சைத் தண்ணி என்று சொல்வது இதற்குத்தான் சரியாகப் பொருந்துகிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்தப் பக்கத்து ஜெட்டிக்குப் போனோம். கூட வந்த வழிகாட்டி உள்ளூர்ப் பையன், அதிகம் பேசாதவன். ஜெட்டியிலிருந்து இருபது முப்பது கை நீந்தியிருப்போம், தரை சட்டென்று மொட்டைமாடி விளிம்புபோல முடிந்தது. கீழே கருநீலம், அடி தெரியவில்லை. எனக்கு வயிற்றைப் புரட்டியது. வீட்டம்மா என் கையைப் பிடித்திருந்தவள் விட்டுவிட்டு முன்னால் போய்விட்டாள். அந்தச் சுவர் முழுக்க உயிர். மேசைபோல விரிந்த பவளம், மான்கொம்பு மாதிரி கிளைத்தது, யானை படுத்த மாதிரி உருண்டையானது. இடுக்கில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு பாம்பு மாதிரி ஒரு அஞ்சாளை மீன். கொஞ்சம் தள்ளி ஓர் அழுங்காமை, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் பாறையிடுக்கில் எதையோ பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது.

எல்லாவற்றையும் விட எனக்கு மறக்காதது சத்தம். தலையைத் தண்ணீருக்குள் விட்டதுமே நறுக், நறுக் என்று பக்கத்து அறையில் யாரோ முறுக்குத் தின்கிற சத்தம். எங்கே என்று தேடினால், பச்சையும் ஊதாவுமாக ஒரு கிளிமீன் பாறையைக் கடித்துக்கொண்டிருக்கிறது. பல்லெல்லாம் ஒட்டிக் கிளிமூக்கு மாதிரி ஆகியிருக்கும். பாறைமேல் படிந்த பாசிக்காகப் பாறையையும் சேர்த்தே கடித்து விழுங்கிவிடும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் நகர்ந்து வந்து பின்னால் வெள்ளையாக ஒரு புகையை விட்டது, அது மெதுவாகக் கீழே இறங்கிப் படிந்தது. மணல். அந்தத் தீவுகளின் வெள்ளை மணலில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான். ஒரு பெரிய கிளிமீன் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ போடும். வெயிலில் வெறுங்காலோடு நடந்தாலும் சுடாத அந்தப் பஞ்சு மணலைப் பற்றி அவள் முந்தின நாள்தான் ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். மேலே வந்ததும் சொன்னேன். அழிக்கவில்லை, ஆனால் அன்றைக்கு முழுக்கச் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

அந்தச் சுவரும் முழுசாக நன்றாக இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மேல் பகுதியில் பாதிக்கு மேல் சாம்பல் நிறத்தில் உடைந்த எலும்புக்கூடாகத்தான் கிடந்தது. கடல் சில வாரம் வழக்கத்தை விட ஒரு டிகிரி சூடானாலே பவளம் தன்னிடம் குடியிருக்கிற பாசியைத் துரத்திவிட்டு வெளுத்துப் போகும், சூடு நீடித்தால் பட்டினியில் சாகும். 1998-இல் மாலத்தீவின் மேல்மட்டப் பவளத்தில் பெரும்பகுதி அப்படிப் போயிற்று. தேறி வந்துகொண்டிருந்தது 2016-இல் மறுபடி அடி வாங்கியது, 2024-இல் இன்னொரு முறை. ரிசார்ட்டில் இரும்புக் கம்பிச் சட்டத்தில் பவளத் துண்டுகளைப் பிளாஸ்டிக் டையால் கட்டி வளர்க்கிறார்கள், 150 டாலர் கொடுத்தால் நம் பெயரில் ஒன்று. நல்ல காரியம்தான். ஆனால் அதே சாயந்தரம் தீவின் மறுபக்கம் ஒரு பம்பு வைத்து, கரைந்துபோன கடற்கரையை நிரப்புவதற்கு பாருக்கு உட்பக்கம் இருக்கிற ஆழமில்லாத கடலிலிருந்து மணலை உறிஞ்சிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள், சுற்றித் தண்ணீரெல்லாம் பாலாகக் கலங்கியிருந்தது. பருவக்காற்று மாறும்போது தீவின் மணல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்வது இயற்கை. அறை போட்ட விருந்தாளி அதுவரை காத்திருக்க மாட்டார். அந்தக் கலங்கல் படிந்தால் பவளம் மூச்சுமுட்டிப் போகும். நான் 150 டாலர் கொடுக்கவில்லை.

ராத்திரி? கண்ணாடித் தரைக்கு அடியில் விளக்கு போட்டால் மீன் வரும் என்றார்கள், ரெண்டு வந்தது. அலை வில்லாவின் காலில் மோதி இரவெல்லாம் தொம் தொம் என்றது. எனக்குத் தாலாட்டு, அவளுக்குத் தூக்கம் போச்சு. குழாயில் வருவது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர், சப்பென்று இருக்கும். உப்புக்காற்றில் என் வண்டிச் சாவி ரெண்டே நாளில் துரு ஏறிவிட்டது.

போகிறவர்களுக்கு. விசா நம் பாஸ்போர்ட்டுக்கு அங்கேயே இலவசமாகத் தருகிறார்கள். 'இமுகா' என்கிற ஆன்லைன் படிவத்தை விமானத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்பிவிடுங்கள், காசு கேட்கிற இணையதளம் எல்லாம் போலி. மழை குறைவு டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை, விலையும் அப்போதுதான் உச்சம். திருக்கைக் கூட்டம் பார்க்க ஆசை என்றால் அதற்கு நேர்மாறாக மழைக்காலத்தில், பா அட்டோலில் இருக்கிற ஹனிஃபாரு விரிகுடாவுக்குப் போக வேண்டும். அங்கே மூச்சுக்குழாயோடு மிதக்கலாம், சிலிண்டர் கட்டி முங்க அனுமதி இல்லை. சங்கு, பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள், விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள். சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கை நீச்சல் சட்டை, உங்களுக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது. நான் முதல் நாள் போடாமல் முதுகு தோலுரிந்து வந்தேன், இன்னும் அரிக்கிறது. வில்லாவில் ரெண்டு இரவுக்கு மேல் வேண்டாம். அறை போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாசலிலிருந்து பார் எத்தனை மீட்டர், நீந்திப் போகலாமா, படகு வேண்டுமா? பதில் சுற்றி வளைத்து வந்தால் அந்தத் தீவை விட்டுவிடுங்கள். நிறையத் தீவுகளில் கரையோரச் சாதா அறையிலிருந்து பார் பத்து நிமிஷ நீச்சலில் வந்துவிடும், வாடகையும் பாதி.

திரும்பும் வழியில் மாலே சந்தையில் ரெண்டு கிலோ மாசி வாங்கினோம். அம்மா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, இது இங்கேயே கிடைக்குமே, இதற்கா கப்பலேறிப் போனீர்கள் என்றாள்.

வீட்டம்மா இப்போது போட்டோ பார்ப்பதில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் சாட்டிலைட் மேப்பைப் பெரிதாக்கி, எந்தத் தீவுக்குக் கறுப்புக் கோடு கரையை ஒட்டி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேற்று லட்சத்தீவில் பங்காரத்தைக் காட்டினாள். அங்கே பெர்மிட் வேண்டும், அதற்கு போலீஸ் நிலையத்தில் நன்னடத்தைச் சான்று வாங்க வேண்டும் என்றேன். "உங்களுக்குக் கிடைக்காதா என்ன?" என்று மட்டும் கேட்டாள்.